மார்க்கைப் பார்க்கும் முன் விடைத்தாளைப் பாருங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் ஒரு தடவை, அரையாண்டு விடுமுறை முடிந்து பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒரு தடவை, சென்னையில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். பள்ளி திறந்ததும் திருத்திய தாள்களைக் கொடுப்பார்கள், சில நாளில் ரேங்க் கார்டு வரும், அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். அந்தக் கையெழுத்தைப் போடுகிற பத்து நிமிடத்தில் நாம் என்ன பேசுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த தேர்வு வரை பிள்ளை நம்மிடம் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பது முடிவாகிறது. ரேங்க் கார்டை பைக்குள்ளேயே ஒரு வாரம் வைத்திருப்பது, பாட்டியிடம் கையெழுத்து வாங்குவது, அப்பா கையெழுத்தைத் தானே போட்டுப் பழகுவது எல்லாம் கெட்ட பிள்ளைகள் செய்கிற வேலை என்று நான் நினைக்கவில்லை. போன தடவை உண்மையைக் காட்டியதற்கு என்ன கிடைத்தது என்று அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2015-16 கல்வியாண்டின் தகவல்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018 டிசம்பரில் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளியானது. 5 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கார்டு கொடுத்திருந்தால், மறுநாள் சனிக்கிழமை, வீட்டில் அடிபட்டதாக அதிகாரிகள் விசாரித்து உறுதி செய்த புகார்கள் ஏறக்குறைய நான்கு மடங்காகி இருந்தன. வாரத்தின் நடுவில் கொடுத்தபோது இந்த ஏற்றம் தெரியவில்லை. காரணம் இன்னது என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் பள்ளி இல்லை, பிள்ளையை ஆசிரியர் பார்க்கப் போவதில்லை என்ற நிலைமையில் பெரியவர்களின் கை நீள்கிறது என்று யூகிப்பது கஷ்டமில்லை. நம்மூரிலும் நிறையப் பள்ளிகளில் சனிக்கிழமை காலைதான் பேரண்ட்ஸ் மீட்டிங். அதனால் என்னுடைய முதல் யோசனை ரொம்பச் சாதாரணமானது: கார்டு வந்த அன்றைக்கு வாங்கிப் பாருங்கள், 'சரி, நாளைக்கு உட்கார்ந்து பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஒரு ராத்திரி தள்ளிப்போடுவதால் எந்த மார்க்கும் குறைந்துவிடாது.

மறுநாள் எதைப் பார்ப்பது? மொத்தத்தைத்தான் முதலில் பார்க்கிறோம், 500க்கு எவ்வளவு, போன தடவைக்கு இப்போது எவ்வளவு என்று. மொத்தம் நமக்குச் சொல்வது ரொம்பக் கம்மி. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, ஒரு பாடத்துக்கான 100 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். வகுப்பில் செய்கிற செயல்பாடுகளும் சின்னத் தேர்வுகளும் முதலாவதில் வரும், பருவக் கடைசியில் எழுதும் தேர்வு இரண்டாவது. இப்போது இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் அறிவியலில் 64. ஒரு பிள்ளை 40க்கு 36, 60க்கு 28. இன்னொரு பிள்ளை 40க்கு 24, 60க்கு 40. முதல் பிள்ளை வகுப்பில் கலந்துகொள்கிறது, தேர்வு என்று உட்கார்ந்தால் எழுத முடியவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு எழுத வருகிறது, அன்றாட வேலையில் நாட்டம் இல்லை. (முதல் பிள்ளையின் 36இல், ஸ்டேஷனரி கடையில் வாங்கிய தெர்மாகோலில் அம்மா ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து ஒட்டிய மாடலுக்கு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். செயல்பாடுகளை நாமே செய்து கொடுத்தால் அந்த எண் நம்மைப் பற்றித்தான் பேசும்.) இரண்டு பேருக்கும் 64 என்று ஒரே திட்டு கொடுத்தால் இரண்டு பேருக்குமே அது உதவாது.

கிரேடு விஷயமும் இப்படித்தான். முப்பருவ முறையில் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று நேரடியாக மதிப்பெண்ணை வைத்து இறங்கும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அப்படி இல்லை. அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்ற எல்லோரையும் வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குப் பேருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2 என்று கொடுக்கிறார்கள். 90க்கு மேல் வாங்கியும் ஏ1 வராமல் போகலாம். இது தெரியாமல் அண்ணன் பிள்ளையின் ஏ1ஐயும் நம் பிள்ளையின் ஏ2ஐயும் ஒரே தட்டில் வைத்து, போகிப் பண்டிகைக்குக் கூடுகிற இடத்தில் பேசுவது பெரிய அநியாயம்.

எண்ணை விட்டுவிட்டுத் தாளுக்கு வருவோம். இதில்தான் விஷயமே இருக்கிறது, பெற்றோர்கள் அதிகம் பார்க்காததும் இதைத்தான். பல பள்ளிகளில் திருத்திய தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள், சிலவற்றில் மீட்டிங் அன்று காட்டிவிட்டு வாங்கிக்கொள்வார்கள். கொடுக்காவிட்டால் கேளுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம், கணக்கில் 58. 'இவளுக்குக் கணக்கு வராது, எங்க பரம்பரைக்கே வராது' என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். தாளை விரித்து வைத்துப் பார்த்தோம். முழுக்கள் பாடத்தில் மைனஸ் எட்டிலிருந்து மைனஸ் மூன்றைக் கழிக்கச் சொன்னால் மைனஸ் 11 என்று எழுதியிருந்தாள். விடை மைனஸ் 5. இதே தப்பு நாலு இடத்தில், அதில் மட்டும் 9 மார்க் போயிருந்தது. வடிவியலில் கோணம் வரைகிற கணக்கில் பாகைமானியின் உள் வரிசையைப் பார்க்க வேண்டிய இடத்தில் வெளி வரிசையைப் பார்த்து, 60 டிகிரி கேட்டதற்கு 120 வரைந்திருந்தாள். கோடு நேர்த்தியாக இருந்தது, பென்சில் கூராக இருந்தது, 5 மார்க் போச்சு. இரண்டு வாக்கியக் கணக்குகளைத் தொடவே இல்லை, அதில் 10. அந்த இரண்டையும் தமிழில் சொல்லிக் கேட்டபோது ஒன்றை உடனே போட்டுவிட்டாள். கேள்வியில் 'ஹவ் மெனி மோர்' என்று இருந்தது, 'மோர்' என்றால் கூட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள், கூட்டிப் பார்த்தால் விடை பொருந்தவில்லை, பயந்து விட்டுவிட்டாள். கழிக்க வேண்டிய கணக்கு அது.

போன 42 மார்க்கில் 24 இந்த மூன்று இடத்தில்தான் போயிருக்கிறது. பாகைமானியை எப்படிப் பார்ப்பது என்பதை ஒரு சாயங்காலத்தில் சரிசெய்யலாம். மைனஸ் விஷயத்துக்கு எண்கோட்டை வரைந்து ஒரு வாரம் தினம் ஐந்து கணக்கு போதும். மூன்றாவது மட்டும் பெரிய வேலை, ஏனென்றால் அது கணக்குப் பிரச்சினையே இல்லை, ஆங்கிலப் பிரச்சினை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைகளின் கணக்குத் தாளில், அறிவியல் தாளில் இது அடிக்கடி ஒளிந்திருக்கும். 58 என்ற எண்ணை எத்தனை நேரம் முறைத்துப் பார்த்தாலும் இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

தாளைப் பார்க்கும்போது கடைசிப் பக்கங்களைக் கவனியுங்கள். முதல் பக்கத்தில் அழகான கையெழுத்து, கடைசியில் கிறுக்கல், அப்புறம் காலி என்றால் பிள்ளைக்குப் பாடம் தெரியும், நேரம் போதவில்லை. ஐந்து மார்க் கேள்விகளில் கைடில் இருக்கிற பதிலை வரி மாறாமல் எழுதி முழு மார்க் வாங்கிவிட்டு, கொஞ்சம் திருப்பிக் கேட்ட இரண்டு மார்க் கேள்வியில் தடுமாறி இருந்தால், மனப்பாடம் நடக்கிறது, புரிதல் நடக்கவில்லை. இது நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகளிடமும் உண்டு, ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் வெளியே தெரியவரும். மார்க்கை ஒரு தடவை கூட்டியும் பார்த்துவிடுங்கள். கட்டுக்கட்டாகத் திருத்துகிற ஆசிரியருக்கு ஒரு பக்கம் விட்டுப்போவது சகஜம், மரியாதையாகச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள்.

பேசுவது எப்படி என்பதற்கு வருகிறேன். பிள்ளையை எதிரே நிற்க வைத்து நாம் உட்கார்ந்துகொண்டு கேட்டால் அது விசாரணை. பக்கத்தில் உட்கார வைத்து, தாளை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் பேச்சே வேறு மாதிரி போகும். 'ஏன் இவ்வளவு கம்மி?' என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது, அதற்குத் தெரிந்திருந்தால் அவ்வளவு கம்மியாக வாங்கியிருக்காது. 'இதுல உனக்கு ஈஸியா இருந்தது எதுடா?' என்று ஆரம்பித்துப் பாருங்கள். அப்புறம், 'இந்தக் கேள்விய பார்த்ததும் என்ன தோணுச்சு?' 'தெரியாம விட்டியா, தெரிஞ்சும் நேரம் இல்லையா?' பதில் வர நேரமாகும், மௌனமாக இருப்பார்கள், அந்த மௌனத்தை நாம் அறிவுரையால் நிரப்பக் கூடாது. இது ரொம்பக் கஷ்டமான வேலை, எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு ஓஎம்ஆர் சாலையிலிருந்து டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் வந்த மனுஷனிடம் கேட்கிறேன் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

சொல்லவே கூடாதவை என்று எனக்குச் சில உண்டு. முதலாவது ஃபீஸ். 'உனக்கு எவ்வளவு கொட்டி அழறோம் தெரியுமா' என்பது பிள்ளையைப் படிக்க வைக்காது, தான் ஒரு கடன் என்று நினைக்க வைக்கும். இரண்டாவது, அடுத்த வீட்டுப் பிள்ளை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ தன் பிள்ளையின் மார்க்கைப் போட்டிருப்பார், அதைப் பார்த்த வேகத்தில் நம் பிள்ளையிடம் கேட்டுவிடுகிறோம். 2017இல் தமிழக அரசே பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது, இத்தனை வருஷம் கழித்தும் வீட்டுக்குள் அந்தப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் பிள்ளையின் ஜூலை மாத நோட்டையும் டிசம்பர் மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்ற நிலையை வைத்துப் பிரித்து, அங்கிருந்து மேலே கொண்டுபோகிறார்கள். வயதையும் வகுப்பையும் பார்க்காமல் பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை, வீட்டிலும் அதைச் செய்யலாம்.

மூன்றாவது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்: 'நீ புத்திசாலிடா கண்ணா, மூளை இருக்கு உனக்கு' என்ற பாராட்டு. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்து, போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும் சிலரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றும் சொன்னார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்ததும், புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அதற்கடுத்து வந்த சுலபமான புதிர்களில்கூட முன்பைவிடக் குறைவாகப் போட்டார்கள். இந்தப் புதிர்களைப் பற்றி வேறு பிள்ளைகளுக்கு எழுதச் சொன்ன தாளில் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மார்க் குறைந்தால் புத்திசாலிப் பட்டம் போய்விடும் என்ற பயம் பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கிறது. அதனால் பாராட்டும்போது செய்த வேலையைச் சொல்லுங்கள், 'தினமும் ஸ்பெல்லிங் எழுதிப் பார்த்தே, டிக்டேஷன்ல தெரியுது பார்' என்று. உழைக்காமல் வாங்கிய மார்க்குக்கு உழைத்தாய் என்று சொல்வதும் வேண்டாம், பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும்.

98 வாங்கிய பிள்ளையிடம் 'அந்த ரெண்டு மார்க் எங்க போச்சு?' என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். விளையாட்டுக்குத்தான் கேட்கிறோம். கேட்கிற பிள்ளைக்கு அது விளையாட்டாக இருப்பதில்லை.

பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வருவோம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம், பின்னால் இருபது பேர் நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தை, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆசிரியரும் நாமும் சேர்ந்து குறை சொல்வதில் கழித்துவிடுகிறோம். ஒரு காலத்தில் 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள், இன்றைக்கும் 'நாலு அடி போடுங்க மிஸ், நான் எதுவும் கேட்க மாட்டேன்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் அடிக்க முடியாது, கொடுக்கவும் நமக்கு உரிமை இல்லை. அதற்குப் பதில் மூன்று விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள். இந்தத் தாளில் வகுப்புச் சராசரி எவ்வளவு? (சராசரி 48 என்றால் உங்கள் வீட்டு 62 நல்ல மார்க்.) வகுப்பில் எந்த நேரத்தில் இவன் கவனம் போகிறது? அடுத்த தேர்வுக்குள் இவன் ஒரே ஒரு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றால் எது? 'கவனம் தேவை', 'இன்னும் நன்றாகப் படிக்கலாம்' என்று கார்டில் எழுதுவதை வைத்து எந்தப் பிள்ளையும் எதையும் செய்ய முடியாது, கடைசிக் கேள்வி ஆசிரியரிடமிருந்து ஒரு குறிப்பான பதிலை வாங்கும்.

ஆசிரியர் எழுதும் குறிப்பு சம்பந்தமாக இன்னொரு ஆய்வும் உண்டு. 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலியப் பள்ளிகளில் சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் கருத்தினால் கிடைக்க வேண்டிய பலன் கிடைக்கவில்லை. மார்க் பக்கத்தில் இருந்தால் யாரும் கருத்தைப் படிப்பதில்லை, பெரியவர்களும்தான்.

மார்க் குறைந்ததும் நம்மூரில் எடுக்கிற முதல் முடிவு டியூஷன். சில பிள்ளைகளுக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஐந்தரைக்குக் கிளம்பி, எட்டரைக்குத் திரும்பி, அப்புறம் ஹோம்வொர்க் முடித்து, பதினொன்றுக்குப் படுத்து, வேனுக்காக ஆறு மணிக்கு எழுகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழு மணி நேரத் தூக்கம்தான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்ன கணக்குப்படி 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை முதல் பீரியடில் கண் சொருகுகிற பிள்ளைக்கு இன்னொரு டியூஷன் சேர்ப்பது நிலைமையை மோசமாக்கும். விடைத்தாளில் பார்த்த தப்பைச் சரிசெய்ய வீட்டில் அரை மணி நேரம் போதுமா என்று முதலில் பாருங்கள். போதாது என்றால், அந்தத் தப்பை எழுதி டியூஷன் ஆசிரியரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் பள்ளியில் நடத்தியதையே மறுபடி நடத்துவார்கள்.

எல்லாப் பாடத்திலும் ஒரே சமயத்தில் மார்க் சரிந்தால், அது படிப்பு விஷயமாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் கண். போர்டு தெரியாத பிள்ளை தெரியவில்லை என்று சொல்லாது, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். நோட்டில் பாதி வரியில் நிற்கிற குறிப்புகளைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும். 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது, ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அடுத்து, வகுப்பில் யாராவது சீண்டுகிறார்களா, உட்காரும் இடத்தை மாற்றினார்களா, நெருங்கிய நண்பன் வேறு பள்ளிக்குப் போய்விட்டானா, வீட்டில் நாம் போடுகிற சண்டை பிள்ளையின் அறை வரை கேட்கிறதா.

வாயால் கேட்டால் டாண் டாண் என்று சொல்கிற பிள்ளை, எழுதினால் மட்டும் எழுத்தை முன்பின்னாகப் போட்டு, ஒரே வார்த்தையை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதினால் அது சோம்பேறித்தனம் இல்லை, டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது வருஷத்துக்கும் மேலாக இதே வேலையாக இருக்கிறது. மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே கண்டுபிடித்தால் பிள்ளை எத்தனையோ வருஷத் திட்டிலிருந்து தப்பிக்கும், எட்டாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டால் அதற்குள் 'எனக்குப் படிப்பு வராது' என்று அதுவே நம்பத் தொடங்கிவிடும்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவு வருகிற மே மாத நாள் மட்டும் தனி. அன்றைக்குத் தாளும் கையில் இருக்காது, பேசவும் நேரம் இருக்காது, போன் அடித்துக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்களின் போனை நீங்களே எடுங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். மார்க்கைச் சொல்வதா வேண்டாமா என்று பிள்ளையிடம் முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்தது வராவிட்டால் அன்றைக்கும் மறுநாளும் பிள்ளையைத் தனியாக விடாமல் இருப்பது ரொம்ப முக்கியம், பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் கதவைத் தட்டுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 ஆகிய மூன்று எண்களையும் முடிவு வருவதற்கு முன்பே உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் போட்டு வையுங்கள், பெற்றோரும் கூப்பிடலாம். மார்க் கூட்டலில் சந்தேகம் இருந்தால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு பாடத்தில் போய்விட்டால் சில வாரங்களில் துணைத் தேர்வு உண்டு, அதில் தேறினால் அதே வருஷம் மேலே சேரலாம். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாள்கள் குறைவு, வீட்டில் வருத்தம் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தால் தேதி போய்விடும், அதனால் முடிவு வந்த மறுநாளே யாராவது ஒருவர் பள்ளிக்குப் போய்க் கடைசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.